பெயரிழந்த முகங்கள்: நிழற்படங்களும் நம் ஊர் வரலாறும்

சென்னை எழும்பூர்ப் பாந்தியன் சாலையில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு பெரும் நிறுவனங்கள் நிற்கின்றன. ஒன்று, 1851 இல் தோற்றுவிக்கப்பெற்ற அரசு அருங்காட்சியகம். மற்றொன்று, 1896 இல் திறந்துவைக்கப்பெற்ற கன்னிமாரா பொது நூலகம். இவை வெறும் அண்டை வீடுகள் அல்ல. 1860 இல் காப்டன் ஜெஸ்ஸி மிட்செல் அருங்காட்சியகத்தின் ஓர் அங்கமாக அமைத்த சிறிய நூலகமே பின்னாளில் கன்னிமாராவாக வளர்ந்தது. ஆகவே அருங்காட்சியகம் தாய் என்றால் நூலகம் மகள். ஒரே முற்றத்தில் வாழும் தாயும் மகளும் தனித்தனி அடுப்பு மூட்டிக்கொண்டதுபோல, காலப்போக்கில் ஒன்று பொருள்களுக்கும் மற்றொன்று நூல்களுக்கும் உரியதாகப் பிரிந்தது. கற்சிலையும் செப்புக்காசும் இங்கே. அச்சேறிய தாள் அங்கே. இந்தப் பாகப்பிரிவினையில் எவர் பங்கிலும் முறையாகச் சேராது நின்றுபோன ஒன்று உண்டு. அதுவே நிழற்படம்.

நிழற்படம் பொருளா, ஆவணமா? கண்ணாடித் தகட்டில் வெள்ளி உப்பு பூசி எடுத்த படம் பொருள்தான். அதனைக் காப்பதற்கு வேதியியல் அறிவு வேண்டும். ஆனால் அப்படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று வரிசைப்படுத்தித் தேடுவார்க்கு எடுத்துக்கொடுப்பது நூலகரின் கலை. ஒரு குடும்பத்தின் படத்தொகுப்பைக் கையில் எடுத்தால் அது ஏடு புரட்டும் நூலாகவும் இருக்கிறது; கண்ணாடிப் பேழையில் வைக்கத்தக்க பொருளாகவும் இருக்கிறது. அருங்காட்சியகத்தார் அதனை நூலகத்துக்கு உரியது என்பர். நூலகத்தார் அருங்காட்சியகத்துக்கு உரியது என்பர். இடையில் கறையான் அதனைத் தனக்கு உரியதாக்கிக்கொள்ளும்.

மாவட்டந்தோறும் உள்ள அருங்காட்சியகமும் மாவட்ட மைய நூலகமும் ஒன்றுகூடி, அவ்வவ்வூர்ப் பழைய நிழற்படங்களைக் கடனாகப் பெற்று, மின்பதிவு செய்து, மூலத்தை உரியவரிடமே திருப்பித் தரும் பணியில் இறங்க வேண்டும் என்பதே நம் கருத்து. அப்பணியில் கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு என்பதும், அதனைச் செய்யாது விட்டால் பிறர் செய்ய இயலாது என்பதும் ஈண்டு நாம் வற்புறுத்த விரும்புவன.

பெயர் இல்லாத படங்கள்

நிழற்படக்கலை 1839 இல் உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது சென்னை மாகாணத்தில் வேரூன்றிவிட்டது. 1850 இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியில் படக்கலையும் கற்பிக்கப்பெற்றது. 1856 இல் சென்னை அரசின் படப்பதிவாளராக அமர்த்தப்பெற்ற காப்டன் லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சை, திருவரங்கம், புதுக்கோட்டை முதலிய இடங்களைப் படம் பிடித்து 1858 இல் தொகுதிகளாக வெளியிட்டார். அத்தொகுதிகள் இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் உள்ளன. நம் மதுரை அந்நாளில் எவ்வாறு இருந்தது என்று நம் மாணவர் காண விரும்பினால், இலண்டனார் மின்பதிவு செய்து வைத்ததைக் கணினித் திரையில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பார்க்க முடிகிறதே என மகிழ்வதா, இதற்கும் கடல் கடக்க வேண்டியிருக்கிறதே என வருந்துவதா என்று நமக்கு விளங்கவில்லை.

டிரைப் பெரும்பாலும் கட்டடங்களையே எடுத்தார். மனிதரை எடுத்தவர்கள் பின்னர் வந்தனர். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த இந்திய மக்கள் பற்றிய ஆங்கிலப் படநூலும், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் க. ரங்காச்சாரியின் துணையுடன் 1909 இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலும் குறிப்பிடத்தக்கவை. தர்ஸ்டன் நூலில் இலப்பைகளுக்கும் மரைக்காயர்களுக்கும் தனித்தனி உட்டலைப்புகள் உண்டு. இத்தகைய நூல்களின் படங்களுக்கு அடியில் பெரும்பாலும் சாதியின் பெயரோ குடியின் பெயரோ காணப்படும். ஆளின் பெயர் காணப்படாது. படம் எடுத்தவர்க்கு எதிரே நின்றவர் ஓர் ஆள் அல்லர். ஒரு வகைக்கு மாதிரி. கடலுக்கு அப்பால் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நம் முன்னோரைப் படம் பிடித்து அஞ்சலட்டையாக விற்ற நிலையத்தார், அடியில் 'கிளிங்' என்று அச்சிட்டனர். அச்சொல் அங்குள்ள தமிழர் காதில் இன்றும் வசையாக ஒலிப்பது.

மின்பதிவு என்பது இந்தப் பழைய தலைப்புகளையும் சேர்த்தே நிலைபெறச் செய்யும். அட்டையில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுவே தேடுபொறிக்குரிய சொல்லாகிவிடும். அந்த முகத்துக்கு உரிய பெயரை அறிந்த குடும்பம் நாகூரிலோ கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ இருக்கக்கூடும். அக்குடும்பத்தைக் கேட்பார் இல்லையெனில், பெயர் இருந்தும் பெயரிழந்தவராகவே அம்முன்னோர் என்றும் நிற்பர்.

வீடுகளில் இருப்பவை

நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் உள்ள படங்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். சபுராளிகள் கொழும்பிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் அனுப்பிய நிலையப் படங்கள்: பின்னால் தீட்டிய திரை, பக்கத்தில் உயரமான மேசை, அதன்மேல் ஒரு கடிகாரமோ பூச்சாடியோ. ரஜூலா கப்பல் ஏறும் நாளில் உறவினர் கூடி நின்று எடுத்தவை. ஹஜ் பயணத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும் என்பதால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை படம் எடுத்துக்கொண்ட பெரியவர்களின் சிறு படங்கள். மதரசாவில் பட்டம் பெற்றோர் வரிசையாக அமர்ந்த படம். காயிதே மில்லத் அவர்கள் ஊருக்கு வந்த நாளில் எடுத்த கூட்டப் படம். கற்றூண் மண்டபத்தோடு கூடிய பழைய பள்ளிவாசலின் படம். அந்தப் பள்ளி இப்பொழுது இடிக்கப்பெற்றுக் கான்கிரீட்டில் எழுந்திருக்கும், பழைய தோற்றத்துக்கு அப்படம் ஒன்றே சான்றாக இருக்கும்.

இப்படங்களுக்கு நேரும் கதி யாது? உப்புக்காற்று வீசும் ஊரில் சட்டத்துக்குள் ஈரம் புகுந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. அதனைப் பிரித்தெடுக்க முயன்றால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு வைத்தே படியெடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அன்பு மிகுதியால் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்துவிடுவோரும் உண்டு. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை மீண்டும் உரிக்க இயலாது. உள்ளே சிக்கிய ஈரமும் வெளியேறாது. வீடு பாகம் பிரியும்போது பித்தளைக்கும் மரத்துக்கும் பங்காளிகள் வருவர். படப்பெட்டிக்கு எவரும் வாரார். கடலோர ஊர் ஒன்றில் மூடப்பெற்ற பழைய ஸ்டுடியோ ஒன்றின் கண்ணாடித் தகடுகள் சுரண்டிக் கழுவப்பெற்றுப் படச்சட்டக் கண்ணாடிகளாக விலைபோயின என்று அவ்வூரார் நம்மிடம் கூறினர். மூன்று தலைமுறையின் திருமணங்கள் அத்தகடுகளில் இருந்திருக்கும்.

வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. பாட்டனாரின் கறுப்பு வெள்ளைப் படம் நூறாண்டு தாங்கியிருக்கும்; தந்தையார் வளைகுடா நாட்டிலிருந்து 1970களிலும் 1980களிலும் அனுப்பிய வண்ணப்படம் இப்பொழுதே சிவந்து வெளிறியிருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி. வண்ணப்படத்தில் தாங்குவது சாயம். சாயம் விரைவில் மங்கும். பழையது தானே முதலில் அழியும் என்று கருதி வளைகுடாக் காலத்தை நாம் பின்னுக்குத் தள்ளக்கூடாது. துபாயிலும் சவூதியிலும் ஒரே அறையில் எண்மர் தங்கி உழைத்த தலைமுறையின் வரலாறு வேறு எவ்வேட்டிலும் எழுதப்பெறவில்லை.

இயற்கைச் சீற்றத்தையும் மறந்துவிடலாகாது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினக் கரையில் புகுந்த கடல், உயிர்களையும் உடைமைகளையும் வாரிச் சென்றபோது படங்களையும் வாரிச் சென்றது. 2011 இல் சப்பானில் ஆழிப்பேரலை நேர்ந்த பின்னர், சேற்றில் கிடைத்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் பொறுக்கியெடுத்து, நீரில் கழுவி, உலர்த்தி, மின்பதிவு செய்து உரியவர்களைத் தேடித் திருப்பிக் கொடுத்தனர். வீட்டை இழந்தவர்க்கு அரிசிக்கு அடுத்து வேண்டியது ஒரு முகம் என்பதனை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

எவர் எதனைச் செய்ய வல்லார்

மின்பதிவு என்றவுடன் கருவி வாங்குவதைப் பற்றியே நம்மவர் பேசத் தொடங்குகின்றனர். உண்மையில் அதுவே எளிய பகுதி. ஆறங்குல நீளமும் நாலங்குல அகலமும் கொண்ட படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் பதிவு செய்தால் 3600க்கு 2400 புள்ளிகள் வரும். அழுத்திச் சுருக்காமல் டிஃப் வடிவில் சேமித்தால் ஏறத்தாழ 26 மெகாபைட். ஆயிரம் படங்களுக்கு 26 ஜிகாபைட். ஒரு சட்டைப்பைக்குள் அடங்கும் பென் டிரைவ் இதற்குப் போதும். பொதுமக்கள் பார்வைக்குச் சிறிய ஜேபெக் படி வேறாக எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆயிற்றே என்பார்க்கு ஒன்று கூறுவோம்: அவ்வாறு அனுப்பும் படம் சுருக்கப்பெற்றே போய்ச் சேர்கிறது, நான்கு கை மாறிய பின்னர் அது எவர் வீட்டுப் படம் என்பதே தெரியாமல் போகிறது.

படத்தைச் சேதமின்றிக் கையாளுதல், பூஞ்சையைத் துடைத்தல், புளிப்பு வாடை வீசத் தொடங்கிய பழைய படச்சுருளைத் தனியே பிரித்தல் ஆகியவற்றை அருங்காட்சியகத்தார் அறிவர். சென்னை அருங்காட்சியகம் வேதியியல் காப்புப் பணியில் நெடுங்காலப் பட்டறிவு உடையது. பட்டியலிடுதல், ஒரே பெயரின் பல வடிவங்களை இணைத்தல், பல ஊர்ப் பட்டியல்களை ஒன்றாகத் தேடச் செய்தல் ஆகியவற்றை நூலகத்தார் அறிவர். 1995 இல் அமெரிக்காவின் டப்ளின் நகரில் நடந்த கூட்டத்திலிருந்து வளர்ந்த 'டப்ளின் கோர்' என்னும் பதினைந்து கூறுகள் கொண்ட விவரணை முறை, உலகெங்கும் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் பொதுவாக ஏற்றுக்கொண்ட ஒன்று. இராமநாதபுரத்துப் படமும் நாகப்பட்டினத்துப் படமும் அம்முறையில் விவரிக்கப்பெற்றால் ஒரே தேடலில் அருகருகே வந்து நிற்கும். இன்றேல் ஒவ்வோர் ஊரும் தனித்தனித் தீவாகும்.

நம் நாட்டில் இப்பணி அறவே நடைபெறவில்லை என்று கூறலாகாது. 1955 இல் தோன்றிய புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம், தென்னாட்டுக் கோயில்களைப் பற்றிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டியது. பின்னர் அந்நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களையும் தேடிச் சென்று மின்பதிவு செய்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தனியொருவராகத் திரட்டிய நூல்களும் இதழ்களும், 1992 இல் அவர் மறைந்த பின், 1994 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. இலங்கையில் 2005 முதல் 'நூலகம்' அமைப்பினர் ஈழத்து ஏடுகளை மின்னேற்றி வருகின்றனர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பெற்றபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறு படி இல்லாதனவும் இருந்தன. ஒரே படி ஒரே இடத்தில் இருப்பதன் இடர் இதனினும் கொடியதாக வேறெங்கும் எழுதப்பெறவில்லை. ஆகவேதான் மின்படி மூன்று வேண்டும், அவற்றுள் ஒன்றேனும் வேற்றூரில் இருக்க வேண்டும் என்கின்றனர் அத்துறை வல்லுநர்.

சிங்கப்பூர் நமக்குக் காட்டும் வழி இன்னும் அணுக்கமானது. அங்கே 1993 இல் அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம், வாய்மொழி வரலாற்றுத் துறை ஆகியன ஒரே மரபுடைமைக் கழகத்தின்கீழ்க் கொண்டுவரப்பெற்றன. 2012 இல் ஆவணக்காப்பகம் தேசிய நூலக வாரியத்தோடு இணைக்கப்பெற்றது. படத்தையும் அதனைப் பற்றிய பேச்சையும் ஒரே கூரையின்கீழ் வைத்தனர் என்பது கருதத்தக்கது. தெலோக் ஆயர்த் தெருவின் நாகூர் தர்காவையும் சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலையும் எழுப்பியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் முன்னோரே. அவர்களுடைய பேரூரின் படங்கள் அங்கே ஒழுங்காக இருக்கின்றன. அவர்கள் புறப்பட்ட ஊர்களின் படங்கள்தாம் இங்கே பரண்மீது இருக்கின்றன.

பெயர் சொல்வார் வேண்டும்

2008 சனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன்னிடமிருந்த படங்களுள் ஏறத்தாழ மூவாயிரத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் வைத்து, இவற்றைப் பற்றி அறிந்தவர் கூறுக என்று கேட்டது. சில திங்களில் சிட்னி நகரத்து அருங்காட்சியகம் ஒன்றும் அதில் சேர்ந்துகொண்டது. மக்கள் தெருவின் பெயரையும், கடையின் பெயரையும், நிற்பவர் பெயரையும் எழுதினர். நூலகத்தார் அவற்றைச் சரிபார்த்துத் தம் பட்டியலைத் திருத்தினர். பெருநிறுவனமே பொதுமக்களிடம் கையேந்திக் கேட்கும் காலம் இது.

ஆனால் நம் ஊர்களில் பெயரறிந்தவர் கணினிமுன் அமர்ந்திருக்கவில்லை. அவர்கள் பள்ளிவாசல் திண்ணையிலும் வீட்டின் உள்ளறையிலும் இருக்கின்றனர். பேரன்களும் பேத்திகளும் போய்க் கேட்க வேண்டும். இங்கேதான் தமிழ்த்துறைக்கு வேலை இருக்கிறது. பழைய படத்தின் பின்புறத்தில் சில வேளைகளில் இரண்டு வரி எழுதியிருக்கும். அது அரபு எழுத்து. ஆனால் மொழி தமிழ். அரபுத்தமிழ் அறியாத ஊழியர் அதனை 'அரபு வாசகம்' என்று குறித்துவிட்டு அப்பால் நகர்வார். அரபு மட்டும் அறிந்தவர் படித்தால் பொருள் விளங்காது திகைப்பார். அவ்வரியில்தான் மகனுடைய பெயரும், எவ்வூரில் எடுத்தது என்பதும், ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும். ஹிஜ்ரி 1345 என்றிருந்தால், அது 1926 சூலை முதல் 1927 சூன் வரை என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். முன்புறத்தை மட்டும் பதிவு செய்தவர் இவை அனைத்தையும் இழப்பார். படத்தின் இரு புறமும் பதிவாக வேண்டும் என்பதனை முதல் விதியாகவே வைக்க வேண்டும்.

பெயர்களின் எழுத்து வடிவம் மற்றொரு சிக்கல். சையது, செய்யிது, சையத் என ஒருவரே மூவராவார். மரைக்காயர், மரைக்கார் என வீட்டுக்கு வீடு வேறுபடும். மலாயாப் பத்திரங்களில் அது இன்னொரு வடிவம் கொள்ளும். நெய்னா, லெப்பை, தம்பி என்பன பெயரின் பகுதியா, உறவுச் சொல்லா, குடும்பப் பட்டமா என்பதனை அவ்வூர்ப் பேச்சு அறிந்தவரே பிரித்துரைக்க முடியும். பெண்களின் பெயர் பெரும்பாலும் எழுதப்பெற்றிராது. 'இன்னார் உம்மா' என்றே சொல்வர். நூலகரின் பெயர்ப் பட்டியலுக்கு இச்செய்திகளை ஆக்கித் தருவது மொழி கற்றவர் கடமை.

கேட்டு எழுதுவதற்கும் நம்மிடம் ஒரு மரபு உண்டு. ஹதீஸ் கலையில் செய்தியை மட்டும் எழுதமாட்டார்கள். இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரையும் எழுதுவர். படக்குறிப்புக்கும் அத்தொடர் வேண்டும். 'வலமிருந்து மூன்றாமவர் இன்னார்' என்று எழுதினால் போதாது. அதனைச் சொன்னவர் யார், அவருக்கு என்ன உறவு, என்று சொன்னார் என்பவையும் வேண்டும். இருவர் இருவேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி வைப்பதே நேர்மை. மேலை நாட்டு நூலகர்கள் அண்மையில் வலியுறுத்தும் இம்முறையை இமாம்கள் ஆயிரமாண்டுக்கு முன்பே கடைப்பிடித்தனர் என்று பெருமை பேசுவதோடு நில்லாமல், ஒரு படிவத்தில் இரண்டு கட்டங்களைக் கூடுதலாக அச்சிட்டால் நன்று.

தயக்கங்கள்

உருவப்படம் ஆகுமா என்னும் வினா நம் சமுதாயத்தில் என்றும் உள்ளது. அதற்குத் தீர்ப்புரைக்க நமக்குத் தகுதியில்லை. அது உலமாப் பெருமக்களின் துறை. அவர்களுள்ளும் கருத்து ஒன்றாக இல்லை. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், நிழற்படம் என்பது நிழலைத் தடுத்து நிறுத்துவதே அன்றிப் புதிதாக உருவம் படைப்பதன்று என வாதிட்டு நூல் எழுதினார். இந்தியத் துணைக்கண்டத்து ஆலிம்கள் பலர் அதனை ஏற்கவில்லை. எகிப்திய அதிகாரியான முஹம்மது சாதிக் 1861 இல் மதீனாவையும் 1880 இல் மக்காவையும் படம் பிடித்தார் என்பதும் வரலாறே. இவ்வினாவில் மாறுபட்ட கொள்கை உடையோரையும் உடன் அழைத்துச் செல்ல வழி உண்டு. முதற்கட்டமாகக் கட்டடங்கள், கப்பல்கள், கடைத்தெருக்கள், கிணறுகள், கல்வெட்டுகள், மீசான் கற்கள் ஆகியவற்றின் படங்களைத் திரட்டலாம். எவரும் மறுக்க மாட்டார்.

பெண்களின் படங்கள் பற்றிய தயக்கம் இதனினும் ஆழமானது. நாம் அதனை முழுமையாக மதிக்கிறோம். தன் உம்மாவின் படத்தை ஊரார் காண்பதை விரும்பாத மகனை நோக்கி, 'வரலாற்றின் பொருட்டுக் கொடு' என்று கேட்பது முறையன்று. ஆனால் அப்படங்களை ஒதுக்கியே வைத்தால், நம் சமுதாயத்து வரலாறு மீண்டும் ஆண்களின் வரலாறாக மட்டுமே எழுதப்பெறும் என்பதனையும் எண்ண வேண்டும். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 1938 இல் புதினம் வெளியிட்டார். அத்தகைய பெண்மக்கள் படித்த பள்ளியும், இருந்த வீடும், உடுத்திய உடையும் எதிர்கால ஆய்வாளர்க்குத் தெரிய வேண்டாவா?

இதற்கு விடை ஆஸ்திரேலியாவில் கிடைக்கிறது. அந்நாட்டு வாருமுங்கு பழங்குடியினர், தம் முன்னோர் படங்களை யார் யார் காணலாம் என்பதில் கண்டிப்பான வழக்கம் உடையவர். இறந்தோர் படத்தைக் காண்பதிலும் அவர்களுக்குத் தடை உண்டு. அவர்களோடு கலந்து உருவாக்கப்பெற்ற 'முகுர்ட்டு' என்னும் மென்பொருள், ஒவ்வொரு படத்தையும் எவர் பார்க்கலாம் என்பதனை அச்சமூகமே முடிவு செய்யும்படி அமைந்தது. பூட்டும் திறவுகோலும் குடும்பத்தார் கையில். நாமும் அவ்வாறே செய்யலாம். சில படங்கள் எல்லார்க்கும். சில, நூலகத்தின் படிப்பறையில் நேரில் வருவார்க்கு மட்டும். சில, குடும்பத்தார்க்கு மட்டும். அல்லது, இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்னும் கட்டளையோடு. கொடுத்தவர் மனம் மாறித் திரும்பக் கேட்டால் மறுப்பின்றி நீக்கிவிட வேண்டும். இவ்வுறுதி எழுத்தில் தரப்பெறாவிட்டால் எந்த உம்மாவும் அலமாரியைத் திறக்க மாட்டார்; திறக்கவும் வேண்டா.

சட்டமும் ஓரளவு தெரிந்திருத்தல் நலம். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் செய்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், முதல் உரிமையாளர் எடுக்கச் செய்தவரே, ஸ்டுடியோக்காரர் அல்லர். முன்பு நிழற்படத்தின் உரிமைக்காலம் படம் வெளியான ஆண்டிலிருந்து கணக்கிடப்பெற்றது. 2012 இல் செய்யப்பெற்ற திருத்தத்துக்குப் பின் அது படம் எடுத்தவரின் வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டும் என ஆயிற்று. ஆகவே, பழைய படம்தானே என்று எடுத்து அச்சிட்டுவிடுதல் கூடாது. நிறுவனங்கள் படம் தந்தவரிடம் ஒப்பம் பெறும்போது, பொருளை வாங்குகிறோமா, படி எடுக்கும் இசைவை மட்டும் வாங்குகிறோமா என்பதனைத் தமிழில் தெளிவாக எழுத வேண்டும். நாம் கண்ட சில ஒப்பப் படிவங்கள் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் ஓடுகின்றன. கையெழுத்திடும் பெரியவர் படிக்க இயலாத படிவம் இசைவு ஆகாது.

இனிச் செய்யக்கூடியது

இராமநாதபுரம், நாகப்பட்டினம், திருநெல்வேலி ஆகிய ஊர்களில் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. 1948 ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் பயனாக மாவட்டந்தோறும் மைய நூலகமும் சிற்றூர்வரை கிளைகளும் உள்ளன. இரு துறையும் அரசினுடையனவே. ஒரு கடிதத்தில் தொடங்கக்கூடிய வேலை இது. அருங்காட்சியகக் காப்பாளர் திங்களுக்கு இருமுறை கிளை நூலகத்துக்கு வரட்டும். மக்கள் படத்தைக் கொண்டுவந்து, கண்முன்னே பதிவு செய்யப்பெற்று, அன்றே திரும்பக் கொண்டு செல்லட்டும். படத்தை விட்டுச் செல்லும்படி கேட்டால் எவரும் வாரார். ஜமாஅத்தார் வெள்ளிக்கிழமை அறிவிப்பில் ஒரு சொல் சேர்த்தால் அரசு விளம்பரம் பத்தினும் அது வலியது. பெண்களிடம் கேட்டெழுத மாணவியர் செல்லட்டும்.

நம் துறை தன் வீட்டிலிருந்தே தொடங்கலாம். 1973 இல் திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய முதல் மாநாடு கூடியது. சீறாப்புராணம் முதலான நம் இலக்கியங்கள் பல்கலைக்கழகப் பாடத்தில் உரிய இடம் பெறுவதற்கு அம்மாநாடும் அதனைத் தொடர்ந்து நடந்தவையும் பெருந்துணை புரிந்தன. அம்மாநாடுகளின் படங்கள் பல குடும்பங்களில் சிதறிக் கிடக்கின்றன. மேடையில் இருந்த பெரும்புலவர்களை அடையாளம் காண்பது எளிது. பின்வரிசையில் நின்ற இளைஞர்களும், உணவுப் பந்தியில் பரிமாறியவர்களும், கட்டுரை படித்த மாணவர்களும் யாவர் என்பதனைச் சொல்ல வல்லார் அன்று இருபத்தைந்து அகவையினராக இருந்திருந்தால் இன்று எழுபத்தைந்தைக் கடந்தவர். அவர்களுட் சிலர் இம்மலரைப் படிக்கக்கூடும். தம்மிடமுள்ள படத்தைத் துறைக்குக் கொணர்ந்தால் அரைமணி நேரத்தில் திருப்பித் தருவோம். படம் இல்லாதவர் வெறுங்கையோடு வந்தாலும் நன்று. பிறர் கொணர்ந்த படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லலாம். மூன்றாமாண்டு மாணவர் எழுதிக்கொள்ளக் காத்திருக்கின்றனர்.